பெட்டியில் 25 மீட்டர், வகுப்பில் 5 மீட்டர்: வயர்லெஸ் மைக் கேள்வி பதில்

பேசுகிறவர் மாட்டிக்கொண்டால் அவர் குரலை நேரே நம் காது மெஷினுக்கு அனுப்புகிற வயர்லெஸ் மைக் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம், ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது? நான் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துகிறவர்) இல்லை. இரண்டு காதிலும் 22 வருஷமாக மெஷின் போட்டிருக்கிறேன், வேலை எலக்ட்ரானிக்ஸ் லேபில், அதனால் காதில் விழுகிற சத்தத்தையும் காற்றில் வருகிற சிக்னலையும் சேர்த்தே யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. மெஷினுக்குள் செய்ய வேண்டிய செட்டிங்கை மட்டும் உங்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா): பையன் ஆறாம் வகுப்பு. மைக் பெட்டியில் 25 மீட்டர் என்று போட்டிருக்கிறது. வகுப்பறை மொத்தமே 7, 8 மீட்டர்தான் இருக்கும். டீச்சர் போர்டு பக்கம் திரும்பினால் சத்தம் அறுந்து அறுந்து வருகிறது என்கிறான். மைக் பழுதா?

பதில்: பழுது இல்லை அம்மா, நடுவில் டீச்சர் நிற்கிறார். இப்போது வருகிற மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். பெட்டியில் போட்டிருக்கும் 25 மீட்டர், மைக்கும் மெஷினும் குறுக்கே எதுவும் இல்லாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கிடைக்கிற தூரம். டீச்சர் நெஞ்சில் மைக்கை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டினால், சிக்னல் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித்தான் பையனிடம் வர வேண்டும்.

மைக்கை எங்கே மாட்டுகிறார் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டால் அது வயிறு வரை இறங்கிவிடும். கயிற்றைச் சுருக்கி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கிற மாதிரி செய்யுங்கள். புடவை கட்டுகிற டீச்சர் என்றால் தோளில் மடிப்பு வைத்துப் பின் குத்துகிற இடம் சிக்னலுக்கு நல்ல உயரம், ஆனால் கிளிப் நெஞ்சுப் பக்கமாக இருக்க வேண்டும், முந்தானை மேலே விழக் கூடாது. அப்புறம் தாலிச் செயின். மைக்கும் செயினும் ஒரே இடத்தில் தொங்கினால் டீச்சர் அசையும்போதெல்லாம் பையன் காதில் டங் டங் என்று இடிக்கும். இதைச் சிக்னல் கோளாறு என்று நினைத்து மைக்கை சர்வீஸுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி (அதே அம்மா): வகுப்பிலாவது பரவாயில்லை, கிரவுண்டில் 10 மீட்டர் தாண்டினாலே போய்விடுகிறதாமே? வெளியில் தடையே இல்லையே?

பதில்: திறந்த வெளியில் தூரம் கூடும் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். அறைக்குள் நான்கு சுவரும் கூரையும் சிக்னலைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால், ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழியில் வந்து சேரும். கிரவுண்டில் அந்த உதவி கிடையாது. பி.டி. சார் முகம் பார்த்துப் பேசினால் 20 மீட்டரிலும் கேட்கும், திரும்பி நடந்தால் 10 மீட்டரில் நின்றுவிடும். பையன் தலையும் ஒரு தடைதான். சாரிடம் சொல்லிவிடுங்கள்: சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று சொல்லட்டும், ஓடும்போது சொல்ல வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, எனக்கு வலது காதில் மட்டும் கட் ஆகிறது. இடது காதில் பிரச்சினையே இல்லை.

பதில்: தம்பி, பல மாடல்களில் இரண்டு மெஷினும் சிக்னலைத் தனித்தனியாகத்தான் வாங்கும். அதனால் ஒரு சின்னச் சோதனை. மைக்கை ஒரு நண்பரிடம் கொடுத்து 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மைக்குக்கு எதிர்ப்பக்கம் போகிற காது எதுவோ அது கட் ஆனால் உங்கள் தலைதான் மறைக்கிறது, அது இயல்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் வலதுதான் கட் ஆகிறது என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

சார்ஜ் செய்கிற மெஷின் இல்லாமல் பட்டன் பேட்டரி போடுகிறவர் என்றால் இதைக் கவனியுங்கள். மைக்கில் கேட்கும்போது மெஷின் வழக்கத்தைவிட அதிகமாகக் கரண்ட் இழுக்கும். சாதாரணமாகப் பேசும்போது தாக்குப்பிடிக்கிற பழைய பேட்டரி, மைக் போட்டதும் தடுமாறும். 312 சைஸ் (பழுப்பு ஸ்டிக்கர்), 13 சைஸ் (ஆரஞ்சு ஸ்டிக்கர்) எல்லாமே ஜிங்க் ஏர் வகை, காற்றுப் பட்டால்தான் உயிர் வரும். ஸ்டிக்கரைப் பிய்த்த கையோடு உள்ளே போட்டு மூடிவிடாதீர்கள், மேஜை மேல் ஒன்றிரண்டு நிமிஷம் வைத்துவிட்டுப் போடுங்கள். பிய்த்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்ந்துகொண்டுதான் இருக்கும். புது பேட்டரியிலும் அதே கதை என்றால் மெஷினைக் காட்ட வேண்டியதுதான்.

கேள்வி (அலுவலகத்தில் வேலை செய்பவர்): மீட்டிங்கில் மைக்கை மேஜை நடுவில் வைக்கிறேன். சிக்னல் அருமையாக இருக்கிறது, ஒரு தடவைகூட அறுவதில்லை. ஆனால் பேசுவது புரியவில்லை, ஏசி சத்தமும் நாற்காலி சத்தமும்தான் கேட்கிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இதில் இரண்டு தூரம் இருக்கிறது. மைக்கிலிருந்து உங்கள் காது வரை ஒன்று, பேசுகிறவர் வாயிலிருந்து மைக் வரை இன்னொன்று. கடையில் எல்லோரும் முதல் தூரத்தைத்தான் கேட்கிறார்கள், பெட்டியிலும் அதைத்தான் போடுகிறார்கள். புரிகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவது தூரம்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரண்டு மடங்கானால் பேச்சு சுமார் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 20 செ.மீ.யில் இருக்க வேண்டிய மைக் 160 செ.மீ.யில் இருந்தால் மூன்று முறை இரட்டிப்பு, 18 டெசிபல் போச்சு. ஏசி சத்தம் மட்டும் குறையாது, அது அறை முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்கும். நம் காதுக்கு இந்த 18 டெசிபல் உயிர் மாதிரி. சத்தத்தைவிடப் பேச்சு நன்றாக மேலே இருந்தால்தான் காது கேளாதவர்களால் வார்த்தையைப் பிடிக்க முடியும்.

அதனால் நான்கு பேர் சின்ன மேஜை என்றால் நடுவில் வையுங்கள். பத்துப் பேர் நீள மேஜை என்றால் கை மாற்றிக் கை மாற்றி, பேசுகிறவர் பிடித்துக்கொண்டு பேசட்டும். முதல் இரண்டு மீட்டிங்கில் கூச்சமாக இருக்கும், அப்புறம் அவர்களே தேடி எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று: ரீசவுண்ட் மல்டி மைக் போன்றவற்றில் மைக் நிமிர்ந்து இருந்தால் ஒரு பக்கத்துக் குரலையும், படுத்திருந்தால் சுற்றிலும் இருக்கிற குரல்களையும் பிடிக்கும். கையில் பிடித்துப் பேசும்போது நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபை இடைஞ்சல் செய்யுமா?

பதில்: கொஞ்சம். மைக் தானாகவே காலியான அலைவரிசைக்குத் தாவிக்கொள்ளும். ரவுட்டர் பக்கத்திலேயே உட்காராதீர்கள், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் போன், டிவியை அதில் மாற்றிவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான், ஓடும்போது சமையலறையில் விட்டு விட்டுக் கேட்டால் பயப்பட வேண்டாம்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர்): சர்ச்சில் பிரசங்கம் கேட்க மைக்கை மேடையில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிறேன். உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறது, எல்லோரும் பாட்டுப் பாட எழுந்து நின்றதும் போய்விடுகிறது.

பதில்: ஐயா, காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். 200 பேர் எழுந்தால் தண்ணீர்ச் சுவர் எழுந்த மாதிரி. மைக்கை ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள், நீங்கள் முன் பாதியில் ஓரமாக, நடைபாதை பக்கம் உட்காருங்கள்.

இதைவிட நல்ல வழி, மைக் செட்காரரிடம் பேசுவது. உங்கள் மைக்கில் லைன் இன் ஓட்டை (வெளியிலிருந்து ஒயரில் சத்தம் வாங்குகிற ஓட்டை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மைக் செட்டின் மிக்ஸரில் (எல்லா மைக்கையும் சேர்க்கிற பெட்டி) ரெக்கார்டிங்குக்காக விட்டிருக்கும் அவுட்டிலிருந்து ஒரு ஒயரை நேரே அதில் சொருகலாம், போதகர் வாயருகே இருக்கும் மைக்கின் குரல் எதிரொலி இல்லாமல் உங்கள் காதுக்கு வரும். தயவுசெய்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரில் மட்டும் சொருகாதீர்கள், அந்த பவரில் மைக் கருகிவிடும். மைக்கை ஆம்ப்ளிஃபயர் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் வைக்காமல் மேலே, வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் விலை குறைவாகக் காலர் மைக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: அது தன்னுடைய ரிசீவரோடு மட்டும்தான் பேசும், உங்கள் மெஷினோடு பேசாது. ரிசீவரைப் போனில் சொருகி, போனிலிருந்து ப்ளூடூத்தில் மெஷினுக்கு அனுப்பலாம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் சேர்ந்து, உதடு முன்னால் போகும், குரல் பின்னால் வரும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற நமக்கு அது பெரிய இடைஞ்சல். ஐபோனும் அதற்குப் பொருந்துகிற மெஷினும் இருந்தால் லைவ் லிசன் வசதியை முதலில் முயன்று பாருங்கள், போனே மைக்காக வேலை செய்யும், செலவில்லை.

கேள்வி (ஒரு அப்பா): ஆரகாஸ்ட் வருகிறது என்கிறார்கள். பாப்பாவுக்கு மைக் வாங்குவதைத் தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். ஆரகாஸ்ட் என்பது ஒரே இடத்திலிருந்து பல பேருடைய மெஷினுக்கு ஒரே நேரத்தில் சத்தத்தை அனுப்புகிற ப்ளூடூத் வசதி. அதற்கு அடிப்படையான எல்.இ. ஆடியோ என்ற புது ப்ளூடூத் முறையை 2020இல் அறிவித்தார்கள், ஆரகாஸ்ட் என்ற பெயர் 2022இல் வந்தது. நல்ல விஷயம்தான், அடுத்த மெஷின் வாங்கும்போது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பில் தவறவிட்ட வார்த்தைகள் அடுத்த வருஷம் திரும்பி வராது. பாப்பாவின் மெஷினோடு எந்த மைக் பொருந்தும் என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு, வீட்டிலும் பள்ளியிலும் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா): எல்லாம் சரி, டீச்சர் மாட்டிக்கொள்ளவே மறுக்கிறாரே?

பதில்: அவருக்கு ஒரு பயம் இருக்கும், அது நியாயமானதுதான். நான் படிக்கும்போது வகுப்பு முடிந்து ஒரு ஆசிரியர் மைக்கோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார், அவர் பேசுவது இரண்டு சுவர் தாண்டி எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் அதைத் தொடவே இல்லை. மியூட் பட்டன் இருக்கிறது என்று அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை.

டீச்சரிடம் 10 நிமிஷம் கேட்டு வாங்குங்கள். முதலில் மியூட்டைக் காட்டி, அவர் கையாலேயே அழுத்த விடுங்கள். பிறகு பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, டீச்சரை வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு பத்து வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். மைக் இல்லாமல் ஒரு தடவை, மைக்கோடு ஒரு தடவை. எத்தனை சரி என்று டீச்சரே குறித்துக்கொள்ளட்டும்.