எஞ்சின்எக்ஸ் வலைச் சர்வரை மூல நிரலிலிருந்து நிறுவுதல்: பினாங்கு வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (பட்டர்வொர்த்): டெபியன் லினக்ஸில், ஆயத்தப் பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளை ஒன்றே போதுமென்றிருக்க, மூல நிரலை ஏன் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும், ஐயா?

பதில்: பெரும்பாலோருக்குத் தேவையில்லை. ஆயத்தப் பொதியில் இல்லாத மாட்யூல் (சர்வருக்குக் கூடுதல் வசதி தரும் பகுதி) வேண்டுமென்றால் மட்டும் தொகுக்கலாம்; ஆனால் அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் மீண்டும் தொகுக்கும் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): எழுத்து வடிவங்களை ஒப்பிட்டுத் தேடும் பிசிஆர்இ நூலகம் கணினியில் இருந்தும், அது இல்லை என்று, தொகுப்புக்கு முன் கணினியைச் சரிபார்க்கும் கான்பிகர் நின்றுவிடுகிறது.

பதில்: உங்களிடம் இருப்பது நிரல் ஓடுவதற்கான நூலகம். தொகுப்பதற்கு, நூலகத்தில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் ஹெடர் கோப்புகளும் வேண்டும்; டெபியனில் அவை 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியில் வருகின்றன. தரவைச் சுருக்கும் இசட்லிப்புக்கும் மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கும் இதே கதைதான். அந்தப் பிழைச் செய்தி, பிசிஆர்இயை நாடும் ரீரைட் மாட்யூலை (பக்க முகவரிகளை மாற்றியமைப்பது) விலக்கிவிடலாம் என்று ஒரு குறுக்குவழியையும் காட்டும். அதை நம்பி விலக்கினால், 'ரிட்டர்ன்', 'இஃப்' போன்ற கட்டளைகளும் அந்த மாட்யூலைச் சேர்ந்தவை என்பதால், அவற்றைப் பயன்படுத்தும் அமைப்புக் கோப்பையே சர்வர் ஏற்க மறுக்கும். மறையாக்கிய இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூலோ, நீங்கள் கேட்டால்தான் சேரும்.

கேள்வி (செபராங் ஜெயா): எல்லாவற்றையும் ரூட்டாகவே (முழு உரிமையுள்ள நிர்வாகியாகவே) செய்யலாமா?

பதில்: வேண்டாம். கான்பிகர், நிரலைத் தொகுக்கும் மேக் இரண்டுக்கும் சாதாரணப் பயனர் போதும். தொகுத்ததை உரிய இடத்தில் வைக்கும் மேக் இன்ஸ்டாலுக்கு மட்டும் ரூட் உரிமை தேவை.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): தண்ணீர்மலைத் தைப்பூச நேரலைப் பக்கத்தை வழங்கும் சர்வரை நிறுத்தாமல் புதிய பதிப்புக்கு மாற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின இரவில் வேண்டாம். பழைய நிரலைப் பெரிய 'வி' விருப்பத்துடன் இயக்கினால், அது எந்த விருப்பங்களுடன் தொகுக்கப்பட்டது என்று காட்டும். அவற்றையே புதிய பதிப்புக்கும் கொடுங்கள். மேக் இன்ஸ்டால் பழைய நிரலுக்கு 'ஓல்ட்' என்று வால் சேர்த்து வைத்துவிட்டு, அமைப்புக் கோப்பைத் தொடாமல் விடும். அமைப்பைச் சோதித்த பிறகு, சர்வரின் தலைமை இயக்கமான மாஸ்டர் புராசஸுக்கு யுஎஸ்ஆர்2 என்ற சிக்னல் அனுப்பினால், பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். பழைய மாஸ்டருக்கு வின்ச் சிக்னல் அனுப்பினால், கோரிக்கைகளைக் கையாளும் அதன் ஒர்க்கர்கள் கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு விலகும். எல்லாம் சரியென்று கண்டபின் பழைய மாஸ்டருக்கே குவிட் சிக்னல் அனுப்பி அதை நிறுத்துங்கள். வெறும் ரீலோடு செய்துவிட்டுப் பதிப்பு மாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ரீலோடு அமைப்புக் கோப்பை மட்டுமே மறுபடி வாசிக்கும். சின்ன 'வி' காட்டும் எண்ணும் வட்டிலுள்ள கோப்பின் பதிப்பே தவிர, ஓடிக்கொண்டிருப்பதன் பதிப்பன்று.

கேள்வி (பட்டர்வொர்த்): ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலும் இதே முறைதானா?

பதில்: அங்கே, மூல நிரலிலிருந்து மென்பொருள்களைத் தொகுத்து நிறுவும் போர்ட்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. மேக் கான்பிக் கொடுத்தால் மாட்யூல்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் திறக்கும், அதையே பயன்படுத்துங்கள்.