ஏற்காட்டில் கம்பளிக்காக ஆடு வளர்க்கலாமா? ஐப்பசி மழையைத் தாங்குமா?

வளர்க்கலாம். ஆனால் நம் மேச்சேரி ஆடு இதற்கு உதவாது. அதன் உடம்பில் இருப்பது குட்டை முடிதான், பெயரெல்லாம் கறிக்கும் தோலுக்கும். மெல்லிய கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி இனம் பாருங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரை அது தாங்கிவிடும். தொல்லை ஈரம்தான். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டு, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஏமாறாதீர்கள். முதுகில் விரல்விட்டு முடியை விலக்கி, தோலை மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் ஈ மொய்க்கும், அப்புறம் புழு வைக்கும்.

அதனால் புரட்டாசித் தொடக்கத்திலேயே கத்தரித்துவிடுங்கள். கத்தரித்த இரண்டு வாரம் மழையில் நனையவிடக் கூடாது. பட்டிக்குள் பரண் போட்டால் குளம்பு அழுகாது. செலவுதான், ஆனால் மருந்துச் செலவை நினைத்தால் பரவாயில்லை. வெட்டிய கம்பளியை நிழலில் உலர்த்தாமல் சாக்கில் அடைக்காதீர்கள்.