ஊசி போட்டதும் கண் விழித்தான், அப்புறம்?

வலி மாத்திரை, தூக்க மாத்திரை அளவு மீறிப்போவது பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவற்றில் சில.

அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை கொடுக்கிறோம். அளவு கூடிவிட்டால் எப்படித் தெரியும் டாக்டர்? (வாசகி, மன்னார்குடி)

சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள் அம்மா. பயந்துகொண்டு அவரை வலியோடு விட்டுவிடாதீர்கள். கவனிக்க வேண்டியது மூச்சை. தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் எழவில்லை, நிமிடத்துக்கு 8 முறைகூட மூச்சு வரவில்லை, தொண்டையில் கொறகொறவென்று சத்தம், உதட்டில் நீலம் என்றால் உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் காபி ஊற்றினால் புரையேறும். கண்மணி சுருங்கியிருப்பதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், மார்ஃபின் எடுப்பவர்களுக்கு அது வழக்கம்தான்.

தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டு மயங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்தான். கையெழுத்துப் போட்டு அன்றிரவே கூட்டி வந்துவிட்டோம். சரிதானே? (வாசகி, கும்பகோணம்)

தம்பி பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் அப்படிக் கூட்டி வந்திருக்கக் கூடாது. போட்டது நலோக்சோனாக இருக்கும். மூளையில் மார்ஃபின் போன்ற அபின் வகை வலி மருந்து பிடித்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, தான் உட்கார்ந்துகொள்ளும். நரம்பில் போட்டால் 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். உடம்பில் நலோக்சோன் பாதியாகக் குறைய அரை மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரமே ஆகும். உள்ளே போன மாத்திரை அதையும் தாண்டி நிற்கலாம். பேசி, சாப்பிட்டுப் படுத்தவருக்கு மறுபடி மூச்சு அடங்கும். வீட்டில் எல்லோரும் அசதியில் தூங்குகிறான் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால்தான் வார்டில் மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கிறோம், தேவைப்பட்டால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறோம். எடுத்த எடுப்பில் பெரிய டோஸ் போடுவதும் நல்லதல்ல. வாந்தி, நடுக்கம், உடம்பு வலி எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, பையன் ட்ரிப்பைப் பிடுங்கிவிட்டு ஓடப் பார்ப்பான். மூச்சு சீராக வந்தால் போதும், பேச்சு மெல்ல வரட்டும்.

இன்னொன்று. சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். தம்பியைத் திட்டாமல் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

தூக்க மாத்திரைக்கும் இதே ஊசிதானா? (வாசகர், நாகப்பட்டினம்)

இல்லை. டயசெபாம், அல்பிரசோலாம் வகைத் தூக்க மாத்திரைக்கு ஃப்ளூமசெனில் என்ற முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் நெடுநாள் அந்த மாத்திரை சாப்பிட்டவருக்கு அதைப் போட்டால் வலிப்பு வரலாம். பெரும்பாலும் மூச்சுக்குத் துணை கொடுத்துக் காத்திருப்பதே சிகிச்சை. அபின் வகையும் தூக்க மாத்திரையும் கலந்து போயிருந்தால் நலோக்சோனை முதலில் போடுவோம், தூக்க மாத்திரையால் வந்த மயக்கம் அப்படியே இருக்கும்.

நலோக்சோனைவிட நல்ல மருந்து வருகிறதாமே? (வாசகர், பேராவூரணி)

அமெரிக்காவில் மூக்கில் அடிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயை 2023 முதல் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதே ஆண்டு, அதே வேலையைச் செய்யும் நால்மெஃபீன் ஸ்ப்ரேவும் வந்தது. அது உடம்பில் பாதியாகவே சுமார் 11 மணி நேரம் ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மருந்து உடம்பில் இருக்கும் நேரமெல்லாம் அந்த நடுக்கமும் வாந்தியும் நீடிக்கும். ஃபென்டனில் என்ற வீரியமான அபின் வகை மருந்தை ரத்தத்திலேயே மடக்கிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களும் ஆய்வில் இருக்கின்றன. என் கருத்தில், நமக்கு இப்போது அவசரத் தேவை பழைய நலோக்சோன்தான். கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வயலில் மருந்தடித்துவிட்டு மயங்கியவருக்கும் கண்மணி சுருங்கியிருந்ததே? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

அது வேறு விஷம். எச்சில் வழியும், வியர்வை கொட்டும், சதை துடிக்கும். அதற்கு அட்ரோபின்தான், நலோக்சோன் உதவாது. சட்டையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, பூச்சிமருந்து டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள்.