பனிக்கட்டி மேல ராத்தங்கல்: அண்ணாச்சிகிட்ட கேட்டது

நமக்கு விக்கிரமசிங்கபுரம். கனடாவுல வின்னிபெக் ஊர்ல ஒம்பது குளிர்காலம் கழிச்சிட்டு வந்தவன். அங்க உறைஞ்ச வின்னிபெக் ஏரியில கூடாரம் போட்டு மீன் பிடிச்ச படத்தைக் காட்டினதுல இருந்து ஆளாளுக்குக் கேள்வி. மொத்தமாச் சொல்லிருதேன்.

ஏரியே உறைஞ்சா மீன் எப்படி அண்ணாச்சி உயிரோட இருக்கும்? (அம்பாசமுத்திரம்)

மேல மட்டும்தான் தம்பி உறையும். தண்ணி 4 டிகிரியிலதான் கனமா இருக்கும், அடிக்குப் போயிரும். அதுக்கும் கீழே குளிர்ந்தா லேசாகி மேலேயே நின்னு கட்டியாயிரும். அந்த ஏரி 24,500 சதுர கிலோமீட்டர். தென்காசி பிரியுறதுக்கு முந்தின நெல்லை மாவட்டம் மூணரை அதுக்குள்ள அடங்கும்.

கட்டி உடையாதா? (களக்காடு)

உடையும். அதான் போற வழியெல்லாம் துளை போட்டு அளக்கணும். தெளிஞ்ச கட்டின்னா 4 அங்குலம் இருந்தா ஆள் நடக்கலாம். காரை ஏத்த ஒரு அடி இருந்தாத்தான் நான் சம்மதிப்பேன். வெள்ளையா இருக்குற கட்டிக்குப் பாதி பலம்தான். ஆறு வந்து சேருற இடத்துப் பக்கம் போகவே கூடாது. நேத்து இவ்வளவு இருந்துச்சேன்னு எவனாவது சொன்னா காதுல வாங்காதீங்க.

விழுந்துட்டா முதல் ஒரு நிமிசம் பதறாம மூச்சை நிதானத்துக்குக் கொண்டாரணும். அப்புறம் பத்து நிமிசம்தான் கை கால் சொன்ன பேச்சு கேக்கும். குளிர்ல நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பத்து நிமிசத்துல குத்திப் பிடிச்சு ஏற, கழுத்துல ரெண்டு கூர் ஆணி தொங்கும்.

குளிரு கொல்லாதா மாமா? மார்கழியில குறுக்குத்துறையில முங்குனாலே எனக்குப் பல்லு கிட்டுது. (மருமகன், டவுன்)

குளிரைக் கம்பளி பாத்துக்கிடும் மாப்ளே. பருத்தி உள்பனியன் மட்டும் போடாதே, வேர்வையில நனைஞ்சா காயாது. படுக்கைக்கு மேல போர்த்துறதைவிட அடியில விரிக்கிற நுரை மெத்தைதான் முக்கியம்.

எனக்குப் பயம் அடுப்புமேலதான். கேஸ் அடுப்பை எரியவிட்டு, காத்துப் போற வழியை அடைச்சிட்டுத் தூங்கினா கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு சேந்துரும். வாடை கிடையாது, தூக்கத்துலேயே முடிஞ்சிரும். ஒரு ராத்திரி மூணு மணி இருக்கும், அந்த வாயு சேந்தா கத்துற அலாரம் பக்கத்துல வச்சிருந்தேன், அது கத்துச்சு. எந்திரிச்சா தலை பாறையாக் கனக்கு. சன்னல் மேல பனி மூடிக் கிடந்துச்சு. ஜிப்பை இழுத்தா, உறைஞ்சுபோய் நகரவே மாட்டேங்குது. காலால உதைச்சுத் திறந்தோம். அந்த அலாரம் முப்பது டாலர்தான். அதை வாங்க யோசிச்ச பயதான் நானு.

ராத்திரி என்ன சத்தம் கேக்கும்? (சேரன்மகாதேவி)

இடி. கட்டி விரிஞ்சு சுருங்கும்போது உருளும். முதல் நாள் உடையுதுன்னு செருப்பைத் தேடினேன்.

கக்கூஸ்? (பேர் வேண்டாம்னாரு)

வாளி.

என்ன மீன் கிடைக்கும்? (வீரவநல்லூர்)

அந்தி சாயையிலயும் விடியையிலயும் பிக்கரல். நடு ராத்திரியில பர்பட், அங்க 'மரியா'ம்பாங்க. தாடையில ஒத்தை மீசை, பாக்க விலாங்குக்குச் சொந்தக்காரன் மாதிரி வழவழன்னு இருக்கும். ஒரு ஆளுக்கு ரெண்டு தூண்டில்தான், தூண்டில் முள்ளுல, மீன் நழுவாமப் பிடிக்கிற பின்பக்கக் குத்து இருக்கக் கூடாதுங்கிறது சட்டம். அதனால தூண்டில் நரம்பைத் தளரவிட்டா மீன் போச்சு. கெளுத்தி மாதிரி மரியாவையும் தோலை உரிச்சுத்தான் ஆக்கணும். வெள்ளைக்காரன் வெண்ணெயில வதக்குவான். நான் ஊர்லயிருந்து கொண்டுபோன புளியைக் கரைச்சு, கூடாரத்துக்கு வெளியே வச்சுக் கொதிக்கவிட்டேன். மூடியைத் திறந்து கரண்டி போடுறதுக்குள்ள மூடியில இருந்த ஆவி உறைஞ்சிட்டு.