மாஸ்டர், இதைத் தைக்க முடியுமா?

போன இதழில் ஆசிரியர் ஒரு மூலையில் 'பழைய துணி, கிழிந்த துணி பற்றிக் கேளுங்கள், தையல் மாஸ்டர் பதில் சொல்வார்' என்று இரண்டு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பாதி ஜீன்ஸ் பற்றியே இருக்கின்றன. முப்பத்தைந்து வருடம் ஆல்டரேஷன் வேலை பார்த்தவன் நான். இப்போது ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கோத்துக் கொடுத்துவிட்டால் மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும்.

ஜீன்ஸில் உள்தொடைப் பக்கம்தான் எப்போதும் கிழிகிறது. ஒட்டுப் போட்டுத் தைத்தேன். இரண்டு மாதத்தில் ஒட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றி வட்டமாகப் பிய்ந்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?
– தினமும் பைக்கில் வேலைக்குப் போகும் வாசகர்

நீங்கள் துளையை அளந்து ஒட்டு வெட்டியிருக்கிறீர்கள். சட்டைப் பொத்தான் அளவுக்குத் துளை தெரிந்தால், நைந்துபோன துணி உள்ளங்கை அளவுக்கு இருக்கும். அந்த நைந்த துணியிலேயே புது ஒட்டின் ஓரத்தைப் பிடித்துத் தைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

பேன்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஜீன்ஸ் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச் சாயம். குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. மேல்பக்கம் நீலம் தெரிவதுபோல நெய்திருப்பதால் உராய்வது முழுக்க நீல நூல்தான். அது தேய்ந்து அறுந்ததும் வெள்ளை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்கே கிடக்கும். அந்த ஏணியைச் சுற்றிலும் வெளுத்துப்போய், வெளிச்சம் ஊடுருவுகிற இடம் இருக்கும். அந்த இடம் முடிந்து கெட்டித் துணி தொடங்குகிறதே, அதற்கும் ஒரு விரல்கடை தள்ளிப் பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் ஒட்டின் அளவு.

ஒட்டுக்குக் கனத்த துணி வேண்டாம், தொடையில் உறுத்தும். பழைய மெல்லிய ஜீன்ஸ் துண்டு போதும். புதுத் துணியாக இருந்தால் முதலில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு அது சுருங்கி, பேன்ட்டையும் சேர்த்து இழுக்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், பிரிவது எப்போதும் மூலையிலிருந்துதான். பாவு பாவோடு ஒத்துப்போகும்படி உள்பக்கம் வைத்து, பெரிய ஓட்டுத்தையல் (ஊசியை உள்ளே வெளியே விட்டு நேராக ஓட்டும் கைத்தையல்) போட்டு நிறுத்துங்கள். அப்புறம் மேலும் கீழுமாக நெருக்கமான வரிசைகள். மிஷினில் என்றால் 100/16 ஊசி போடுங்கள். (அந்த 100 என்பது ஊசியின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதாவது ஒரு மில்லிமீட்டர். 70 என்றால் 0.7.)

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வரிசைகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியக் கூடாது. ஒன்று நீளம், அடுத்தது குட்டை என்று ஓரம் கோணல்மாணலாக இருக்கட்டும். ஒரே கோட்டில் முடித்தால் அது ஓட்டை ஓட்டையாகத் துளை போட்ட தபால்தலை ஓரம் மாதிரிதான், இழுத்தவுடன் அந்தக் கோட்டிலேயே கிழியும். உங்களுக்கு வட்டமாகப் பிய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அடுத்த பேன்ட்டுக்கு ஏணி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். வெளுக்கத் தொடங்கும்போதே உள்ளே ஒட்டு வைத்துவிட்டால் அரை மணி நேர வேலை, வெளியே யாருக்கும் தெரியாது.

பாக்கெட் மூலை பிய்கிறது. மறுபடி மறுபடி தைக்கிறேன், மறுபடி மறுபடி பிய்கிறது.
– கல்லூரி மாணவர்

தம்பி, இந்தத் தொல்லைக்கு நூற்றைம்பது வருட வயசு. அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், வேலையாட்களின் பேன்ட் பாக்கெட் பிய்கிறதே என்று மூலைகளில் செம்பு ஆணி அடித்துப் பார்த்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-ல் காப்புரிமையும் வாங்கினார். ஜீன்ஸ் பாக்கெட்டில் இன்றைக்கும் இருக்கிற ஆணி அதுதான்.

உனக்கு ஆணி வேண்டாம். மூலைக்கு உள்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணித் துண்டை வைத்து, ஒரே இடத்தில் ஏழெட்டு நீளத் தையல் போட்டு, அவற்றின் மேல் குறுக்கே நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிடு. உள்ளே துண்டு வைக்காமல் வெறும் நூலை ஏற்றிக்கொண்டே போனால், நூலே துணியை அறுக்கும். அந்தப் பாக்கெட்டில் போனையும் சாவிக்கொத்தையும் சேர்த்துத் திணிக்காமல் இருந்தாலும் நல்லது.

அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் மூன்று. சட்டைத் துணி நன்றாக இருக்கிறது, காலர் மடிப்பு மட்டும் நைந்து நூல் நூலாக நிற்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.
– ஒரு வாசகி

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலரைத் திருப்பி வைத்தால் அந்தச் சட்டைகள் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். இப்போது இதைக் கேட்டு வருகிறவர்களே இல்லை.

காலரைக் கவனியுங்கள். கழுத்தைச் சுற்றி நிற்பது பட்டி. அதற்குள் செருகி, மேலே மடிந்து விழுவது காலர். பட்டி இரண்டு அடுக்காக இருக்கும், நடுவே சாண்ட்விச் மாதிரி காலர் மாட்டியிருக்கும். நாம் பிரிக்கப்போவது காலரையும் பட்டியையும் சேர்க்கும் அந்த ஒரு தையலை மட்டும். பட்டியைச் சட்டையிலிருந்து பிரித்துவிடாதீர்கள், வேலை மூன்று மடங்காகிவிடும்.

பிரிப்பதற்கு முன்னால் காலரின் நடுவிலும் பட்டியின் நடுவிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு முனையிலும் காலர் எங்கே தொடங்குகிறது என்றும் புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளி இல்லாமல் பிரித்தால், திரும்ப வைக்கும்போது ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி நிற்கும். தையலைப் பிரிக்க பிளேடு எடுக்காதீர்கள். நான்கு தையலுக்கு ஒன்றாகச் சின்னக் கத்தரியால் வெட்டி, மறுபக்கத்து நூலை இழுத்தால் முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும்.

காலர் கையில் வந்ததும் நைந்த மடிப்பின் மேல் மெல்லிய காட்டன் பட்டையை வைத்து ஜிக்ஜாக் தையலில் அமர்த்துங்கள், கையால் என்றால் நெருக்கமான ஓட்டுத்தையல். இனி அது அடியில் போய்விடும், யாரும் பார்க்கப்போவதில்லை. காலரைத் தலைகீழாகத் திருப்பி, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, பட்டிக்குள் செருகி, முதலில் கையால் ஓட்டி நிறுத்திவிட்டுப் பழைய ஊசித்துளைகள் மேலேயே தையுங்கள்.

ஆனால் எல்லாக் காலரும் திரும்பாது. முனையில் பொத்தான் போடும் காலர் என்றால் காஜாவின் நல்ல முகம் அடிப்பக்கம் போய், பின்முகம் மேலே தெரியும். விறைப்புக்குக் குச்சி செருகும் காலரில் அந்தச் செருகுவாய் அடியில்தான் இருக்கும், திருப்பினால் மேலே வந்து இளிக்கும். அடித்துணி வேறு நிறமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் பட்ட பாடு ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் கருநீலச் சட்டைக்குக் காலர் திருப்பினேன். தையல் அருமை. மாட்டிப் பார்த்தால் காலர் மட்டும் கருநீலம், சட்டை வெளிர்நீலம். அடிப்பக்கம் வெயிலே படாமல் இருந்ததால் சாயம் அப்படியே இருந்திருக்கிறது, மேலெல்லாம் வெளுத்திருக்கிறது. கூலி வாங்காமல் அனுப்பினேன். வெள்ளைச் சட்டையில் அந்தப் பயம் இல்லை, தைரியமாகப் பிரியுங்கள்.

ஜிப் மேலே ஏறுகிறது, ஆனால் பின்னாலேயே வாய் பிளந்துகொள்கிறது. ஜிப் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பல் ஒழுங்காக இருந்தால் தேய்ந்திருப்பது ரன்னர். ரன்னரைக் கீழே கொண்டுவந்து, அதன் பின்வாயை இரண்டு பக்கமும் குறடால் மெல்ல ஒரு அமுக்கு. ஏற்றிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு அமுக்கு. ஒரேயடியாக நெரித்தால் நகராது, உடையவும் கூடும். உலோக ஜிப் இறுக்கமாக ஓடினால் பல்லின் மேல் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். ஒரு பல் போயிருந்தால் மட்டும் ஜிப் மாற்றத்தான் வேண்டும்.

கறுப்புச் சட்டையில் பிளீச் தெறித்து ஆரஞ்சுப் புள்ளிகள். எதைப் போட்டால் போகும்?
– அவசரமாகக் கேட்கும் வாசகி

எதுவும் போகாது. கறை என்றால் துணியில் ஏதோ ஏறியிருக்கிறது. இங்கே இருந்த சாயமே போய்விட்டது. முதலில் நிறையத் தண்ணீரில் அலசுங்கள். வினிகர் ஊற்றினால் பிளீச் முறியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

மறுபடி சாயம் போடலாம், காட்டனாக இருந்தால். உள்ஓரத்தில் தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணியிலிருந்து (தையல் நூலிலிருந்து அல்ல) நாலு இழை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு பொடிச் சாம்பலானால் காட்டன். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் பாலியஸ்டர், காட்டனுக்கான சாயம் அதில் பிடிக்காது. காட்டன் சட்டையையும் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலில்தான் தைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிர்நிறச் சட்டையைக் கறுப்பாக்கினால் தையல் கோடுகள் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். உங்களுடையது கறுப்பு என்பதால் பிரச்சினை இல்லை. புள்ளி நாலைந்துதான் என்றால் நான் சாயத்துக்கே போகமாட்டேன், அதன் மேல் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிடுவேன்.

வீடியோக்களைப் பார்த்து பழைய துணியில் பை, கால்மிதி, தலையணை உறை எல்லாம் செய்ய ஆசைப்பட்டுச் சேர்த்தேன். மூன்று மூட்டை ஆகிவிட்டது. இன்னும் ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் திட்டு.
– மூட்டைக்காரி (அவரே வைத்துக்கொண்ட பெயர்!)

வீட்டில் திட்டுவதில் நியாயம் இருக்கிறதம்மா. துணியை வைத்துக்கொண்டு 'இதில் என்ன செய்யலாம்' என்று யோசித்தால் மூட்டைதான் வளரும். 'வீட்டில் என்ன இல்லை' என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். லேஸ், மணி, பசை என்று வாங்கித்தான் செய்ய முடியும் என்கிற எதையும் அதில் சேர்க்காதீர்கள். பழைய துணியில் செய்த பைக்கு, புதுப் பையை விட அதிகம் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலையணை உறை கேட்டீர்களே, அதற்குச் சட்டையை விட நல்ல துணி இல்லை. பொத்தான்களைப் போட்டபடி சட்டையை மேஜையில் விரியுங்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் சேர்த்து, தலையணையை விட ஒரு விரல்கடை பெரிதாகச் சதுரம் வெட்டுங்கள். பொத்தான் பட்டி நடுவில் வரட்டும். வெட்டுக்கோடு பொத்தான் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, நாலு பக்கமும் தைத்துவிட்டு, பொத்தானைக் கழற்றி அந்த வழியாகவே வெளியே திருப்புங்கள். ஜிப் வேண்டாம், காஜா வேண்டாம், எல்லாம் முன்னமே யாரோ தைத்து வைத்தது.

மூட்டையில் படுக்கை விரிப்பு இருக்கிறதா? விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும், ஓரங்கள் புதுசாகவே இருக்கும். நடுக்கோட்டில் நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். இரண்டு வெளி ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தையுங்கள். நைந்த பகுதி இப்போது இரண்டு ஓரத்துக்கும் போய்விட்டது, அதை மடித்து அடித்தால் தீர்ந்தது. அகலம் கொஞ்சம் குறையும். இரண்டாம் உலகப் போர் நாளிலும் அதற்குப் பிறகும், 1941 முதல் 1949 வரை பிரிட்டனில் துணிக்கே ரேஷன் இருந்தது. அங்கே பல வீடுகளில் விரிப்புகள் இப்படித்தான் ஓடின. நடுவில் ஒரு தையல் கோடு வருமே, முதுகில் உறுத்தாதா என்று கேட்பீர்கள். ஓவர்லாக் வேண்டாம், ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று அரை விரல்கடை ஏற்றி, தட்டையாக இரண்டு தையல் போடுங்கள். தெரியாது.

பனியன் துணி டீ-ஷர்ட்டுகளை, கைக்குழிக்குக் கீழே குறுக்குவாக்கில் மூன்று சென்டிமீட்டர் பட்டையாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டு தடித்த நூலாகிவிடும். கால்மிதி பின்ன அது போதும். மிச்சத்தில் காட்டனை மட்டும் துடைக்கும் துணியாக வையுங்கள். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டே போகும்.

இதற்கெல்லாம் தையல் மிஷின் வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். ஆறு மாதம் கையால் தையுங்கள். அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை ஊசியை எடுக்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம். பல அளவில் ஊசிகள், கறுப்பு, வெள்ளை, சாம்பல், கருநீல நூல், கூரான சின்னக் கத்தரி, ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்ள ஒரு அங்குஸ்தான் போதும். பாட்டி காலத்து நூல்கண்டு வீட்டில் இருந்தால் ஒரு முழம் உருவி இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அந்தக் கண்டை நம்பாதீர்கள், தைத்த இடம் உங்களை நடுத்தெருவில் விடும்.

எந்தத் துணியைத் தைக்கவே கூடாது?
– அஞ்சலட்டையில் ஒரே ஒரு வரி

கிழிசலுக்கு நாலு விரல் தள்ளி, நல்ல நிலையில் இருப்பதுபோலத் தெரிகிற இடத்தில் துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து, முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்கே இழுங்கள். 'சர்ர்' என்று சத்தம் வந்தால் ஊசியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பொத்தான்கள், ஜிப், எலாஸ்டிக், நல்ல நிலையில் இருக்கும் பாக்கெட் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியைத் தரை துடைக்க விடுங்கள். பொத்தான்களை ஒரே நூலில் கோத்து முடிச்சுப் போட்டு வையுங்கள். டப்பாவில் உதிரியாகப் போட்டால், வேண்டிய நாளில் ஐந்துதான் கிடைக்கும், ஆறாவது கிடைக்காது.