மூன்று பிளஸ் என்றால் மூன்றாம் கட்டமா?

கேள்வி: அம்மாவின் மார்பில் இருந்த கட்டியில் ஊசி வழியே சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ‘ஹெர்-2 பாசிட்டிவ், 3+’ என்று இருக்கிறது. நோய் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறதா டாக்டர்?

பதில்: இல்லவே இல்லை. பலருக்கும் வரும் குழப்பம்தான் இது. ரிப்போர்ட் எழுதும் எங்களைப் போன்றவர்கள் மேல்தான் தப்பு. கட்டம் என்பது நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கணக்கு. 3+ என்பது சாயத்தின் அழுத்தம். சதைத் துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். ஹெர்-2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது மிகுந்த செல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் முழு வளையம் தெரியும், கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி. அதுதான் 3+. வளையம் மங்கலாக இருந்தால் 2+. அப்போது அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ‘ஃபிஷ்’ பரிசோதனை செய்வோம். மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

இந்த மரபணு பெருகிய கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன என்று 1987ல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனின் குழு காட்டியது. அன்றைக்கு அது கெட்ட சேதி. 1998ல் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்பநிலை நோயில், கீமோவோடு இதையும் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2005ல் வெளியான ஆய்வுகள் சொல்லின. சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும் என்பதால் முன்னதாகவும் இடையிலும் எக்கோ எடுப்பார்கள்.

அப்புறம், அதே ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். என்று, செல்களில் ஹார்மோனை ஏற்கும் புரதங்கள் உண்டா எனச் சொல்லும் இரண்டு வரி இருக்குமே, அதை நீங்கள் எழுதவில்லை. ஹார்மோன் மாத்திரை தேவையா என்பது அதைப் பொறுத்தது.