பாலாடையும் ஒரு சட்டை பொத்தானும்

அன்புள்ள சார்,
எனக்கு ஊர் மன்னார்குடி பக்கம். புரதத்த இழுத்தா எவ்ளோ தாங்கும், தண்ணியும் காத்தும் சேர்ற எடத்துல அது என்ன பண்ணுதுன்னு ரெண்டு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். "இதெல்லாம் எதுக்கு?"னு வீட்ல கேக்குறாங்க. தமிழ்ல சொல்ல வார்த்தையே இல்ல. விட்டுட்டு பேங்க் எக்ஸாம் எழுதலாமா?
ஒரு வாசகி

ஏம்மா,
பேங்க் எக்ஸாம் எழுதணும்னா எழுது, அது உன் பாடு. ஆனா வார்த்தையே இல்லன்னு எழுதியிருக்க பாரு, அதுக்குத்தான் உன்ன திட்டணும். பாலாடைய மறந்துட்டியா? பாலுக்கு மேல ஒரு துணி விரிஞ்ச மாதிரி கெடக்குதுன்னு பாத்து ஆடைன்னு பேர் வச்சிருக்காங்க. அதுல கொழுப்பு நெறைய இருக்கு, சரி, ஆனா அத புடிச்சு வச்சிருக்கற வலை புரதம்தானே. உன் தீசிஸே அதானே?

எங்க தாத்தா கும்பகோணத்துல ஒரு காபி கிளப்ல காபி போட்டவரு. டபராவுல துளி எண்ணெப் பிசுக்கு இருந்தாலும் போதும், ஆத்துறப்ப நுரை நிக்காது, பாத்திரம் கழுவுற பையனுக்கு அர்ச்சனை ஆரம்பிச்சிரும். முன்கோபின்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சுது, சுருண்டு கெடக்கற புரதம் குமிழோட தோல்ல போய் ஒட்டி, கொஞ்சம் அவுந்து, ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்குது, சோப்போ எண்ணெயோட கொழுப்பு அமிலமோ உள்ள பூந்தா எடத்த புடுங்கிக்கிட்டு புரதத்த தள்ளிடும், வலை கிழிஞ்சுது, நுரை போச்சு. மனுஷன் கரெக்டாத்தான் திட்டியிருக்காரு.

எதுக்குன்னு கேக்கறவங்கள விடு. உன் லேப்ல தண்ணி மேல படியற மெல்லிசு படலத்த நெருக்கி அளக்கற அந்த தொட்டிய லாங்மியூர் தொட்டின்னு சொல்வீங்கல்ல? லாங்மியூர்ங்கற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1932ல நோபல் கெடச்சுது. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஜெர்மனியில ஆக்னஸ் போக்கெல்ஸ்னு ஒரு பொண்ணு, அப்ப அங்க பொண்ணுங்கள யுனிவர்சிட்டியில சேக்க மாட்டாங்க, வீட்டு வேல பாத்துக்கிட்டே ஒரு தகரத் தொட்டியில தண்ணி நெரப்பி, மேல ஒரு தகரப் பட்டைய நகத்தி நகத்தி, ஒரு பொத்தான தண்ணியில தொட வச்சு, மேல தூக்க எவ்ளோ எடை வேணும்னு தராசுல அளந்தா. இங்கிலாந்து விஞ்ஞானி ரேலே பிரபுவுக்கு ஒரு கடுதாசி போட்டா, அவரு அத 1891ல நேச்சர் பத்திரிகையில போட வச்சாரு. அதனால அது போக்கெல்ஸ் தொட்டி. உங்க புரொபசர் கிட்ட சொல்லு, நான் சொன்னேன்னே சொல்லு, மொறச்சா மொறைக்கட்டும். பேர்ல என்ன இருக்குன்னு மட்டும் எனக்கு பதில் எழுதிடாத, கெட்ட கோவம் வரும்.

தாத்தா ஆடைய வெரல்ல எடுத்து சக்கர தொட்டு என் வாயில வைக்க வருவாரு, நான் ஓடிடுவேன். இன்னிக்கும் வடிகட்டிதான் குடிக்கிறேன்.